இலவச விளையாட்டின் விலை யார் தலையில்?

போன மாதம் திண்டிவனத்தை ஒட்டிய ஒரு காலனியில், நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு தாய் வந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தன் மகனையும் கையோடு இழுத்து வந்திருந்தார். மகளிர் உரிமைத் தொகையாக வந்த ஆயிரம் ரூபாய், வந்த இரண்டாம் நாளே மூன்று தவணையாகக் கணக்கிலிருந்து போய்விட்டது. "ஆயிரம் ரூபாயும் போச்சுண்ணா. எந்தக் கடையில குடுத்தேன்னு கேட்டா, கடையே இல்லைங்கறான்" என்றார்.

பையன் சொன்னது உண்மைதான். கடை என்று ஒன்று இல்லை. அவன் விளையாடும் விளையாட்டு இலவசம். அதற்குள் துப்பாக்கிக்கு ஒரு பளபளப்பான மேல்பூச்சு வேண்டும் என்று 'டாப் அப்' செய்திருக்கிறான். அம்மாவின் செல்போனில் பணம் அனுப்பும் செயலியைப் போட்டுக் கொடுத்ததே அவன்தான் என்பதால் ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும். அந்த மேல்பூச்சாவது கிடைத்ததா என்று கேட்டோம். கிடைக்கவில்லை. பெட்டியைத் திறந்தால் அதிர்ஷ்டம் இருந்தால்தான் வருமாம். மூன்று முறை திறந்தும் வேறு ஏதோ வந்திருக்கிறது.

அன்று வகுப்பில் பாடம் நடக்கவில்லை. இதைத்தான் பேசினோம். ஒரு வீடியோ கேமுக்கு ஏன் ஐயாயிரம் ரூபாய், இன்னொன்றுக்கு ஏன் சுழியம், அந்தச் சுழியம் எப்படி ஒரு தாயின் ஆயிரம் ரூபாயை விழுங்குகிறது? பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. நம் இயக்கங்கள் பேசாத விஷயம் இது. "சோத்துக்கே வழியில்ல, வீடியோ கேமைப் பத்தி எழுத வந்துட்டாங்க" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். விலையைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. 1923ஆம் ஆண்டு 'ரூபாயின் சிக்கல்' என்ற நூலை வெளியிட்டவர் பாபாசாகேப். பணத்தின் மதிப்பை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று அவர் அன்றைக்கே கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் நாம் இன்று செல்போன் திரையைப் பார்த்துக் கேட்கிறோம்.

முதலில் பெரிய விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். பிளேஸ்டேஷன் 5 என்ற கருவி 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அமெரிக்காவில் அதே கருவி 499 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 36,000 ரூபாய். நடுவில் சுங்க வரி இருக்கிறது, 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. (2018 டிசம்பர் வரை இந்த ஜிஎஸ்டி 28 சதவீதம்!) கருவியை வாங்கிவிட்டால் போதாது. அதில் போட்டு ஆட சோனி நிறுவனமே வெளியிடும் புதிய விளையாட்டு ஒன்றின் விலை 4,999 ரூபாய். அமெரிக்காவில் 70 டாலர்.

70 டாலரோடு ஒப்பிட்டால் நமக்குச் சற்றுக் குறைத்துத்தானே தருகிறார்கள் என்று தோன்றும். கூலியை வைத்துக் கணக்குப் போட்டால் வேறு விடை வரும். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அங்கே மிகக் குறைந்த கூலி வாங்கும் தொழிலாளி பத்து மணி நேரம் உழைத்தால் அந்த விளையாட்டை வாங்கிவிடலாம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். விழுப்புரம் மாவட்டத்தில் ஏரி வேலைக்குப் போகும் ஒரு பெண், முழுக் கூலி கிடைத்தால்கூட, பதினைந்து நாள் மண் வெட்ட வேண்டும். பத்து மணி நேரம் எங்கே, பதினைந்து நாள் எங்கே?

"தயாரிக்கச் செலவு அதிகம், அதனால் விலை அதிகம்" என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள், பல நூறு கோடி செலவாகிறது. அது ஒரு முறை செய்யும் செலவு. முதல் பிரதி தயாரானபின் அடுத்த பிரதிக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நெல்லுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் விதை, உரம், நடவுக் கூலி, அறுப்புக் கூலி உண்டு. 2013இல் வந்த 'ஜிடிஏ 5' விற்பனைக்கு வந்த மூன்றே நாளில் 100 கோடி டாலர் வசூலித்தது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் விற்றுக்கொண்டே இருக்கிறது, 20 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. போட்ட முதல் எப்போதோ வந்துவிட்டது. அப்படியானால் இன்றைக்கும் அதற்கு ஏன் ஒரு விலை இருக்கிறது? கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பதால்தான்.

பெரிய விளையாட்டுகளின் விலை அமெரிக்காவில் 2005 வாக்கில் 60 டாலர் என்று நிலைபெற்றது. 2020இல் அது 70 ஆனது. 2025இல் நின்டெண்டோ தன் புதிய 'மாரியோ கார்ட்' விளையாட்டுக்கு 80 டாலர் வைத்தது. ஒரு நிறுவனம் ஏற்றிப் பார்க்கும். வாங்குபவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினால் மற்றவர்களும் ஏற்றுவார்கள். தயாரிப்புச் செலவு என்பது விலைக்குக் கீழே உள்ள தரை மட்டும்தான். கூரை எவ்வளவு உயரம் என்பதை வாங்குபவரின் சட்டைப்பை தீர்மானிக்கிறது.

இதற்குள் இடைத்தரகும் உண்டு. கணினி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' தளம், ஆப்பிள், கூகுள் மூன்றும் நெடுங்காலமாக விற்பனையில் 30 சதவீதத்தைக் கட்டணமாக எடுத்துவந்தன. நூறு ரூபாய்க்கு முப்பது ரூபாய்! கமிஷன் மண்டியில் நெல் கொண்டுபோய்ப் போட்டவர்களுக்கு இது எப்படிப்பட்ட கொள்ளை என்று புரியும். பிளே ஸ்டோரில் தன் கட்டண முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் 2025இல் அது 216 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆதிக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது மட்டும் மாறவில்லை.

சரி, சட்டைப்பை பார்த்து விலை வைப்பதென்றால், பணம் இல்லாதவனுக்கு எப்படி விற்பது? பணம் உள்ளவன் அந்தக் குறைந்த விலைக்கு நழுவிவிடாமல் எப்படித் தடுப்பது? எல்லா வியாபாரத்துக்கும் உள்ள சிக்கல் இது. நம் பெரியவர்களுக்கு டூரிங் டாக்கீஸ் நினைவிருக்கும். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட். படம் ஒன்று, திரை ஒன்று, விலை மூன்று. தரையில் உட்கார்ந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

1849இல் ஜூல் துபுய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயில் கட்டணத்தைப் பற்றி எழுதும்போது ஒன்றைக் கவனித்தார். அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை கிடையாது. கூரை போடப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கூரை போட்டுவிட்டால் இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார் என்பதால்தான் போடவில்லை என்றார் அவர். ஏழையை நனைய விட்டது, ஏழையின் மேல் உள்ள கோபத்தால் இல்லை. பணக்காரரைப் பயமுறுத்துவதற்காக. விழுப்புரம் ஜங்ஷனில் முன்பதிவில்லாப் பெட்டிக்கு முண்டியடித்து ஏறுகிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இலவச விளையாட்டு என்பது அந்தக் கூரையில்லாத பெட்டிதான். உள்ளே ஏறக் காசு வேண்டாம். ஏறியபின் ஒவ்வொரு நிமிடமும் நீ எதுவும் இல்லாதவன் என்று உனக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஆடுபவன் தங்க நிறத் துப்பாக்கியோடும் பட்டுச் சட்டையோடும் வருவான். நீ வெறும் பனியனோடு நிற்பாய். எங்கள் மாணவன் ஒருவன் சொன்னான்: "ஸ்கின் இல்லாதவன டீம்ல சேக்க மாட்டாங்கண்ணா." யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதை உடையைப் பார்த்து முடிவுசெய்யும் பழக்கம் நமக்கு எங்கிருந்து தெரியும்? தோளில் துண்டு போடக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது என்று சொன்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். அதனால்தான் அந்தப் பளபளப்பு நம் பிள்ளைகளை இவ்வளவு ஆழமாகத் தொடுகிறது என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்களைத் திட்டுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வியாபார உத்தி பிறந்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்து ஊர். பழைய தென்னார்க்காட்டின் தலைநகரான கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடிகளில் ஒருவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொடங்கி, சிக் ஷாம்பு பாக்கெட்டைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு போட்டுக் குளித்தார்கள். அதில் ஒரு நன்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஷாம்பு பாக்கெட்டின் மேல் விலை அச்சடித்திருக்கும். உள்ளே ஷாம்பு இருக்கும் என்பதும் உறுதி. பாக்கெட்டைக் கிழித்தால் ஒரு நாள் ஷாம்பு, ஒரு நாள் வெறும் காற்று என்று இருந்தால் கடைக்காரரைச் சும்மா விடுவோமா?

செல்போன் விளையாட்டு இதைத்தான் செய்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. பத்தாயிரம் ரூபாய் செல்போனிலும் ஓடும்படி செய்யப்பட்ட இலவசச் சண்டை விளையாட்டுகள் நம் தெருக்களுக்குள் நுழைந்தன. பப்ஜி 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்தது. 2022இல் மறுபடியும் நீக்கப்பட்டு, 2023இல் திரும்பியது. தடைக்குக் காரணம் நாட்டின் பாதுகாப்பும் தரவும். பிள்ளைகளிடம் பணம் எப்படிப் பிடுங்கப்படுகிறது என்பது அந்தப் பேச்சில் வரவே இல்லை.

பிடுங்கும் முறை எளிது. முதலில், ரூபாயை ரூபாயாகக் காட்ட மாட்டார்கள். ரூபாய் கொடுத்து விளையாட்டுக் காசு வாங்க வேண்டும். அந்தக் காசும் நமக்குத் தேவையான அளவில் கிடைக்காது. எப்போதும் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும், மிச்சத்தைச் செலவழிக்க மறுபடி வாங்க வேண்டும். அடுத்து, கேட்ட பொருளை விற்காமல், அது வரக்கூடும் என்ற வாய்ப்பை விற்பார்கள். விளையாடுகிறவர்களில் மிகச் சிலர்தான் பணம் கட்டுகிறார்கள். அவர்களிலும் கொஞ்சம் பேரிடமிருந்துதான் வருமானத்தின் பெரும்பகுதி வருகிறது. அந்தத் தொழிலில் அவர்களைத் 'திமிங்கலம்' என்று அழைக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் திமிங்கலம் நீந்துவதற்குத் தேவையான கடல். யார் திமிங்கலம் ஆவான் என்று முன்கூட்டியே தெரியாததால் எல்லார் மேலும் வலை விழுகிறது. அதில் ஒரு மத்தி மீன்தான் எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவன்.

இதைத் தடுக்கவே முடியாது என்பது பொய். பெல்ஜியம் 2018இலேயே இப்படிப்பட்ட அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், வாடிக்கையாளர்களை ஏமாற்றி வாங்கவைத்ததற்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022இல் ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் இணைய ரம்மியால் உயிர்கள் போனபிறகு, 2022இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு சட்டம் வந்தது. ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. இவையெல்லாம் வென்றால் பணம் வரும் என்று ஆசைகாட்டும் விளையாட்டுகளைக் குறிவைக்கின்றன. எந்தக் காலத்திலும் பணம் திரும்பி வராத பெட்டியை விற்பவருக்கு இவற்றால் பெரிய தொந்தரவு இல்லை. ரம்மியிலாவது தோற்றோம் என்று தெரியும். இதில் தோற்றதே தெரிவதில்லை.

விலையைக் குறைத்தால் தீர்ந்துவிடுமா? நாட்டுக்கு ஒரு விலை என்ற முறை ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டீம் 2015இல் இந்தியாவுக்கு ரூபாய் விலையைக் கொண்டுவந்தது. அர்ஜென்டினா, துருக்கி நாடுகளுக்கு மிகக் குறைந்த விலை வைத்திருந்தார்கள். என்ன நடந்தது? பணக்கார நாடுகளில் இருந்தவர்கள் தாங்கள் அர்ஜென்டினாவில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு மலிவாக வாங்கினார்கள். நாணயங்களின் மதிப்பும் சரிந்துகொண்டே இருந்தது. 2023 நவம்பரில் அந்த இரு நாடுகளுக்கும் உள்ளூர் நாணய விலையே நிறுத்தப்பட்டு டாலர் விலை வந்தது. அங்கிருந்த உண்மையான ஏழை மாணவன் மேல் விலை பல மடங்கு ஏறி விழுந்தது. போலிச் சாதிச் சான்றிதழ் வாங்கி நம் இடங்களில் உட்கார்ந்தவர்களை எதிர்த்து வழக்கு நடத்தியவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. சலுகையைத் திருடுபவன் ஒருவன், சலுகை பறிபோவது இன்னொருவனுக்கு.

இந்தியாவுக்கென்று விலை வைக்கும்போதும் 'இந்தியர்' என்று அவர்கள் மனதில் யார் இருக்கிறார்கள்? சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்ப்பவர் இருக்கிறார். திண்டிவனம் நேரு வீதியில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் நம் தம்பி இல்லை. ஒரு நாட்டுக்கு ஒரு விலை என்றால், அந்த நாட்டுக்குள் இருக்கும் படிநிலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சாதியைப் படிப்படியான சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கினார். சந்தையும் அப்படியே படிகளை வைத்திருக்கிறது. வெளியான அன்றே வாங்குபவன், ஓராண்டு காத்திருந்து பாதி விலைக்கு வாங்குபவன், திருட்டுப் பிரதி ஆடுபவன், இலவசத்தில் சிக்குபவன். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் நம் பிள்ளைகள் பென்டிரைவில் வாங்கி வந்த திருட்டுப் பிரதிகளைத்தான் ஆடினார்கள். அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பதினைந்து நாள் கூலியை விலையாக வைத்துவிட்டு, வாங்காதவனைத் திருடன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் நேர்மை இல்லை.

ஆகவே, "பிள்ளையிடம் செல்போன் கொடுக்காதே" என்று தாய்மார்களுக்குப் புத்தி சொல்வதோடு நாங்கள் நிற்க விரும்பவில்லை. விளையாடுவது பிள்ளைகளின் உரிமை. ஊர்த் திடலில் ஆட விடாதவர்களின் பிள்ளைகளோடு, பெயரும் தெருவும் கேட்காமல் ஆட முடிகிற இடம் என்பதால்கூட நம் பிள்ளைகள் அந்தத் திரையை விரும்புகிறார்கள். அதைப் பிடுங்க வேண்டாம். அதற்குள் இருக்கும் பொறியைப் பிடுங்க வேண்டும்.

முதலில் உடனே செய்ய வேண்டியது. பதினெட்டு வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், 1903இல் வந்த மோகரி பீபி வழக்கின் தீர்ப்பும் அதைத்தான் சொல்கின்றன. எனவே பிள்ளை வாங்கியதற்குப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். செயலி விற்கும் தளத்திலேயே அதற்கான விண்ணப்பம் இருக்கிறது, தாமதிக்காமல் போடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அந்தத் தாய்க்கு நாங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. விடப்போவதுமில்லை.

அரசிடம் நாங்கள் கேட்பது இதுதான். விளையாட்டுக்குள் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ரூபாயில் விலை காட்ட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டப் பெட்டி விற்பதைத் தடைசெய்ய வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான நிதியை முழுமையாகச் செலவிடத் தமிழ்நாட்டில் 2024இல் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்திலும் நல்ல கணினிகளும் விலை கொடுத்து வாங்கிய நல்ல விளையாட்டுகளும் வையுங்கள். புத்தகத்தைப் பொதுவில் வாங்கி எல்லாருக்கும் படிக்கக் கொடுக்க முடியும் என்றால், விளையாட்டையும் கொடுக்க முடியும்.

கடைசியாக, விலை வைக்கும் பக்கத்துக்கு நாம் போக வேண்டும். 'கோடாட்' என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் முற்றிலும் இலவசம், அதில் பெட்டி இல்லை, பொறி இல்லை. பழைய மடிக்கணினியிலும் ஓடும். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் செய்த 'வெண்பா' என்ற சிறு விளையாட்டு 2023இல் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அது 15 டாலர்தான். இட்லிப் பானையை வைத்து ஒரு கதை சொல்ல முடிந்தால், நம் தெருவை வைத்தும் சொல்ல முடியும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் நம் தம்பி தங்கைகள் வாரத்தில் ஒரு மாலை எங்கள் வகுப்புக்கு வாருங்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஏற்கெனவே ஒரு கதை வைத்திருக்கிறான். எந்தத் துப்பாக்கியும் இல்லாத கதை. ஏரிக்கரையில் தொலைந்துபோன ஆட்டைத் தேடிப் போவதுதான் அதில் ஆட்டம்.

அதற்கு என்ன விலை வைப்பாய் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கம்மா வாங்கற மாதிரி வைப்பேன்" என்றான்.

ஜெய்பீம்.